கப்பல் பார்க்கப் போகும் ஊர்

வெளியூர்க்காரர்களுக்குத் தூத்துக்குடி பெரும்பாலும் செய்தியில்தான் பழக்கம். 2018 மே மாதத் துப்பாக்கிச் சூடு; 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை. மற்றபடி திருச்செந்தூர் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். ஊர்க்காரரிடம், “இங்கே பார்க்க என்ன இருக்கு அண்ணாச்சி?” என்று கேளுங்கள். “ஒண்ணுமில்லையே” என்பார். அடுத்த மூச்சிலேயே, “சாயங்காலம் ஹார்பர் பக்கம் போயிட்டு வாங்க” என்பார்.

ஹார்பரில் என்ன இருக்கிறது? கப்பல் நிற்கிறது. நிலக்கரி இறங்குகிறது. கண்டெய்னர் ஏறுகிறது. இந்த ஊரின் பொழுதுபோக்கே வேலை நடப்பதை வேடிக்கை பார்ப்பதுதான். அலையாவது இருக்கிறதா என்றால், பெரிதாக அதுவும் இல்லை; கடல் குளம் மாதிரி கிடக்கும். எதிரே இலங்கை, நடுவில் மன்னார் வளைகுடாத் தீவுகள். பிறகு அலை எங்கிருந்து வரும்? பெரும் சேதமில்லாமல் 2004 சுனாமியில் ஊர் தப்பியதற்கு அந்தத் தீவுகளைத்தான் கடற்கரைக்காரர்கள் காரணம் சொல்வார்கள். அவற்றில் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வான் தீவு பல காலமாகத் தேய்ந்துகொண்டே வருகிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி அள்ளிய பாவம் அது. இப்போது கடலுக்கடியில் செயற்கைப் பாறைகளை இறக்கி மணலைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள்.

காணும் பொங்கலுக்கு ஊரே முயல் தீவில்தான் இருக்கும். பேர்தான் தீவு, துறைமுகச் சாலையிலேயே போய் இறங்கலாம். வீட்டில் கட்டிக்கொண்டு வந்த சோற்றை நிழல் தேடி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தூரத்தில் நிற்கும் கப்பல் எந்த நாட்டுக்கொடி என்று பிள்ளைகள் சண்டை போடும்.

பழைய துறைமுகம் வேறு உலகம். அங்கே இன்னும் தோணி இருக்கிறது. மரத்தில் கட்டிய சரக்குத் தோணிகள். பாய் மட்டுமே விரித்து கொழும்புக்குப் போன காலம் மலையேறி, இப்போது இன்ஜின் வைத்துக்கொண்டு மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போகின்றன. ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்தத் தோணிக்காரர்களின் ஏற்ற இறக்கம் தெரியும். வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். துறைமுகம், கல்லூரி, மார்க்கெட் என்று அவர் பேரைச் சொல்லாமல் இந்த ஊரில் ஒரு நாளைக் கழிக்க முடியாது. அவர் கப்பல் விட்ட கொழும்புக்கு 2011இல் பயணிகள் கப்பல் ஒன்று மறுபடி கிளம்பியது. அந்த வருஷம் முடிவதற்குள் நின்றும் போனது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அக்கரைக்குப் போய்வந்த குடும்பங்கள் உள்ள ஊர் இது. அந்த வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல.

உப்பளத்தைப் படம் எடுக்க வருகிறவர்கள் பொழுது சாயும் நேரமாகப் பார்த்து வருகிறார்கள். வெள்ளைக் குவியல், செவ்வானம். படம் அழகாகத்தான் விழும். ஆனால் வேலை நடப்பது விடிவதற்கு முன்னால். வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே டார்ச் வெளிச்சத்தில் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றிக் காயவிட்ட நீரின் அடர்த்தி 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கும். அதை மரப்பலகையால் வாரிக் கரையேற்ற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைப் பறிக்கும். உப்புநீர் காலைப் புண்ணாக்கும். அக்டோபரில் மழை இறங்கினால் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதியது இவர்களைப் பற்றித்தான். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில் என்று மார்தட்டுகிறவர்கள், அளத்தில் ஒதுங்க ஒரு நிழல் கொட்டகை இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வரலாம்.

ஆகஸ்டு 5 பனிமய மாதா திருவிழா. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதற்குத்தான் லீவு போட்டு வருவார்கள். தங்கத் தேர் எல்லா வருஷமும் ஓடாது. 2023இல் ஓடியபோது வடம் பிடிக்க மதம் பார்த்தவர் யாருமில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சனிக்கிழமை போங்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர் என்பதால், நாட்டுப்படகுகள் சனிக்கிழமையே திரேஸ்புரத்தில் வரிசையாகக் கரை சேரும். சீலா, ஊளி, பாறை என்று ஏலம் போகும் வேகத்தில் உங்களுக்கு விலை புரியாது. வாங்கத்தான் வேண்டும் என்றில்லை, பார்க்கலாம். ராத்திரி ‘நைட் கிளப்’ போங்கள். பயப்பட வேண்டாம், பரோட்டாக் கடைக்கு இங்கே பழைய பேர் அது.

மக்ரூனை மட்டும் ஊருக்குக் கிளம்பும்போது வாங்குங்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு, இவ்வளவுதான் சாமான். நுரை நிற்கும்வரை அடித்து, கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் வேகவைப்பார்கள். போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன பண்டம் என்பது ஊர்ப் பேச்சு. நல்ல மக்ரூன் வாயில் போட்டதும் கரையும், முந்திரி மட்டும் கடைசியில் நிற்கும். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும் என்பதால் முத்துநகர் எக்ஸ்பிரஸில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கொடுக்கவேண்டி வரும்; அவர் தூத்துக்குடிக்காரராக இருந்தால், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டு, அது சரியில்லை என்று விழுப்புரம் வரைக்கும் பேசுவார்.