காஃபீன் போகட்டும், மணம் இருக்கட்டும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் சுமார் 40 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகையைப் பார்க்காமல் வர முடியாது. பித்தளை டபராவில் நுரை பொங்க வரும் அந்தக் காபியை, மருத்துவர் சொல்லிவிட்டாரே என்று ஏக்கத்தோடு கடந்து போகிறவர்கள் உண்டு. படபடப்பு, தூக்கமின்மை, கர்ப்பகாலம் என்று காரணம் எதுவானாலும், இவர்கள் பெரும்பாலும் குறைக்க வேண்டியது காஃபீனைத்தான். அதற்காகக் காபியின் ருசியையே துறக்கத் தேவையில்லை. காஃபீன் நீக்கிய ‘டீகாஃப்’ காபி இவர்களுக்கானது.

மாலைக் காபி இரவு வரை

நாம் குடிக்கும் காஃபீனில் பாதியை வெளியேற்ற உடலுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகிறது. மாலை 5 மணிக் காபியின் பாதி, இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த நேரம் இன்னும் பல மடங்கு நீளும். நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் எடுக்கும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீகாஃப் காபியிலும் காஃபீன் துளி இருக்கும். ஆனால் பெரிய கோப்பை சாதாரணக் காபியில் 95 மில்லிகிராம் அளவுக்கு இருப்பது, இதில் பெரும்பாலும் 2 முதல் 15 மில்லிகிராமுக்குள் அடங்கிவிடுகிறது.

பச்சைக் கொட்டையிலேயே பிரித்துவிடுகிறார்கள்

காபியின் மணம் பிறப்பது வறுக்கும்போது. காஃபீனை அதற்கு முன்பே, பச்சைக் கொட்டையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். காபியின் கசப்பிலும் காஃபீனின் பங்கு சிறிதுதான். ஆகவே நன்றாகச் செய்த டீகாஃப் ருசிப்பதில் வியப்பில்லை.

ஜெர்மனியின் பிரேமன் நகர வணிகர் லுட்விக் ரோசிலியஸ் 1906-இல் தொடங்கிய ‘காஃபி ஹாக்’ நிறுவனம் இதற்குப் பென்சீனைப் பயன்படுத்தியது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் பின்னர் கைவிடப்பட்டது. இன்று வெந்நீரும் கரியும் கொண்டு பிரிக்கும் ‘சுவிஸ் வாட்டர்’ முறை, அழுத்தப்பட்ட கரியமில வாயு முறை, எத்தில் அசிடேட் முறை ஆகியவை உள்ளன. கொலம்பியாவில் அந்த எத்தில் அசிடேட்டைக் கரும்பிலிருந்து தயாரிக்கிறார்கள். கரும்பு விளையும் விழுப்புரத்துக்காரர்களுக்கு இந்தச் செய்தி இனிக்கும்! மெத்திலின் குளோரைடு என்ற கரைப்பானும் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில், வறுத்த டீகாஃப் காபியில் அது பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் எஞ்சக்கூடாது என்பது விதி. எந்த முறை என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் தூளையே நான் பரிந்துரைப்பேன்.

பில்டரில் போடும்போது

நம் ஊர்க் கடைகளில் பீபெரி, பிளான்டேஷன், சிக்கரி கலவை என்று கேட்டு அரைத்து வாங்கிப் பழகியவர்கள், டீகாஃப் தூளைப் பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். அராபிகா கொட்டையாகப் பாருங்கள். அது மணம் மிக்கது. காஃபீன் நீக்கிய கொட்டை சாதாரணக் கொட்டையைவிடச் சீக்கிரம் மணம் இழக்கும் என்பதால், வறுத்த தேதியைப் பார்த்து 100 கிராம், 200 கிராமாக வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

டிகாக்ஷன் நீர்த்துத் தெரிந்தால் தூளைக் கூட்டுங்கள். சிக்கரியில் காஃபீன் கிடையாது. கொஞ்சம் சேர்த்தால் நிறமும் கெட்டியும் வந்துவிடும்.

எதற்கு உதவாது?

இதைச் சொல்லாமல் விடுவது தவறு. சாப்பாட்டோடு குடிக்கும் காபி, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. தடுப்பவை அதிலுள்ள பாலிஃபீனால்கள். அவை டீகாஃபிலும் இருக்கின்றன. ரத்தசோகை உள்ள பெண்களும், சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகளும் எந்தக் காபியானாலும் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். நெஞ்செரிச்சல்காரர்களுக்கும் இதில் முழு விடுதலை இல்லை. டீகாஃபும் வயிற்றில் அமிலத்தைத் தூண்டும்.

இரவு வண்டி ஓட்டுபவர்கள் கவனிக்கவும்: இது தூக்கத்தை விரட்டாது. கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டித் தூங்குவதே வழி.

படிப்படியாக மாறுங்கள்

நாளுக்கு நாலைந்து காபி குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், மறுநாளே தலைவலியும் எரிச்சலும் வரலாம். முதலில் மாலைக் காபியை மட்டும் மாற்றுங்கள். பிறகு காலைத் தூளில் கால் பங்கு, பாதி என்று டீகாஃபைக் கலந்துகொண்டே போங்கள். காஃபீனைக் குறைத்த பின்பும் படபடப்பு நீடித்தால், காபியைக் குறை சொல்லிக்கொண்டிராமல் மருத்துவரிடம் போய் ஈசிஜி எடுத்துப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகளும் தேவைப்படலாம்.