ஐந்து கல்வராயன் ஆழத்தில் ஓர் அடுப்பு!

கள்ளக்குறிச்சிக்காரனுக்குக் கடல் என்பது லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டிய சமாசாரம். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது மரக்காணம் கடற்கரை அவர்களிடமே தங்கிவிட்டது. நம் பங்குக்குக் கல்வராயன் மலை! அதனாலோ என்னவோ, கடல் சேதி என்றாலே எனக்குக் காது நீண்டுவிடும்.

2024 டிசம்பரில் அப்படி ஒரு சேதி வந்தது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தாரும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தாரும் இந்தியப் பெருங்கடலில் ஆளில்லாத எந்திரம் ஒன்றை இறக்கி, 4,500 மீட்டர் ஆழத்தில் பொங்கிக்கொண்டிருக்கும் வெந்நீர் ஊற்றைப் படம் பிடித்துவிட்டார்கள். கல்வராயன் மலைக்கு 3,000 அடி என்று கணக்கு வைத்தால், ஐந்து கல்வராயனை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உச்சி கொஞ்சமாவது தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும்!

விஷயம் இதுதான். கடல் தரையின் விரிசல்களில் இறங்கும் தண்ணீர், அடியிலுள்ள நெருப்புக் குழம்பின் சூட்டில் காய்ந்து, பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு பீறிட்டு மேலே வருகிறது. சில இடங்களில் சூடு 350 டிகிரிக்கும் மேல்! ஜில்லென்ற கடல் நீர் பட்டதும் கரைந்தது எல்லாம் கரும்புகை மாதிரி திரண்டு, படிந்து படிந்து புகைபோக்கியாக வளர்கிறது.

“அந்தச் சூட்டுல தண்ணி ஆவியாயிடாதா சார்?” என்றார் பக்கத்து சீட் நண்பர்.

“உங்க வீட்டு குக்கர்ல தண்ணி நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணியாவே இருக்குதே, எப்படி? அழுத்தம்! அங்கே இங்கத்ததைப் போல 450 மடங்கு.”

1977-ல் கலாபகோஸ் தீவுகள் அருகே இப்படியொரு ஊற்றை முதன்முதலாகப் பார்க்கப் போனவர்கள் அசந்துபோனார்கள். வெயிலே எட்டாத இருட்டில் புழுவும் சிப்பியும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன! அழுகின முட்டை வாசம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடை வைத்தே அங்கே பாக்டீரியா சமையல் நடத்துகிறது. மற்றதெல்லாம் அந்தப் பந்தியில் சாப்பிடுகிற ஜீவன்கள்.

நம் இந்தியப் பெருங்கடலில் 2001-ல் ஒரு நத்தை அகப்பட்டது. காலில் இரும்புச் செதில்! கவசம் போட்ட போர்வீரன்தான். 2019-ல் அது அழியும் அபாயத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. காரணம், சுரங்கம் வரக்கூடும் என்ற பயம்.

பயத்தில் அர்த்தம் உண்டு. புகைபோக்கியில் செம்பு, துத்தநாகம், கொஞ்சம் தங்கம், வெள்ளியும் இருக்கிறது. 2016-ல் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தோடு இந்தியா 15 வருட ஒப்பந்தம் போட்டது. 10,000 சதுர கிலோமீட்டரில் தேடிப் பார்க்கலாம். தோண்ட அனுமதி இல்லை.

ஓய்ந்துபோன ஊற்றில் தோண்டலாம், உயிரோடு இருப்பதை விட்டுவிடலாம் என்று ஒரு வாதம் இருக்கிறது. சரி, எது ஓய்ந்தது, எது உயிரோடு இருக்கிறது? கிட்டப் போய்ப் பார்த்தால்தானே தெரியும்! பள்ளிக்கரணைக்காரர்கள் எடுத்த படத்தின் மதிப்பு அங்கேதான். செம்பு எங்கே போய்விடப் போகிறது? முதலில் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து முடிக்கட்டும்.

நத்தைக்கு ரேஷன் கார்டும் இல்லை, ஓட்டும் இல்லை. அதன் சார்பில் மனு எழுத நம்மை மாதிரி குமாஸ்தாக்கள்தான் உட்கார வேண்டும்!