இரு கொடிகளின் கீழ் ஆடியவர்



கால்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுவதென்றால், அவர் அடித்த கோல்களின் கணக்கையும் வென்ற கோப்பைகளின் கணக்கையும் சொல்லி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆப்பிரிக்காவில் பிறந்து ஐரோப்பியக் கழகங்களுக்காக ஆடிய ஒருவரைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்றவுடன், அத்தகைய கணக்குகளால் உலகப் புகழ் எய்திய பலர் என் நினைவுக்கு வந்தனர். நான் தேர்ந்துகொண்டவரோ அவர்களுள் ஒருவர் அல்லர். அவருடைய கணக்கில் நான்கு ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றன. அந்த நான்கு ஆண்டுகளில் அவர் எங்கே இருந்தார், ஏன் இருந்தார் என்பதே என் பேச்சின் பொருள். அவர் பெயர் ரஷீத் மெக்லூஃபி.

அவர் பிறந்தது அல்ஜீரிய நாட்டின் செத்திஃப் என்னும் ஊரில், 1936ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில். மத்தியதரைக் கடலின் தென்கரையிலுள்ள அல்ஜீரியாவைப் பிரெஞ்சுக்காரர் 1830இல் படையெடுத்துப் பிடிக்கத் தொடங்கினர். பிற நாடுகளைக் குடியேற்ற நாடுகளாக ஆண்ட அவர்கள், இந்நாட்டின் வடபகுதியை மட்டும் தங்கள் நாட்டின் மாவட்டங்களாகவே சட்டத்தில் எழுதிவைத்தனர். எழுத்தில் அது பிரான்சு, நடப்பில் அப்படியன்று. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அல்ஜீரியாவுக்கென ஒரு சட்டமன்றத்தை அமைத்தது. அதில் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஐரோப்பியருக்கு 60 இடங்கள். ஏறத்தாழ எண்பது இலட்சம் முஸ்லிம்களுக்கும் அதே 60 இடங்கள்.

இந்தச் சட்டத்துக்கும் கால்பந்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு உண்டு. அல்ஜீரிய இளைஞன் சட்டப்படி பிரெஞ்சுக் குடிமகன் ஆகையால், பிரெஞ்சுக் கழகங்கள் அவனை அயல்நாட்டான் என்று கருதாமல் சேர்த்துக்கொள்ளலாம். அவன் திறமையுடையவனாயின், பிரெஞ்சு தேசிய அணியின் சட்டையையே அவனுக்கு அணிவிக்கலாம். வாக்குப் பெட்டியின் முன்னே எட்டில் ஒரு பங்கு மனிதனாக எண்ணப்பட்டவன், ஆடுகளத்தில் மட்டும் முழுப் பிரெஞ்சுக்காரனாக எண்ணப்பட்டான். 1938இல் மார்செய் நகருக்கு வந்த மொராக்கோ ஆட்டக்காரர் லார்பி பென்பாரெக்கின் காலந்தொட்டே, வட ஆப்பிரிக்க இளைஞர்களின் கால்களுக்குப் பிரான்சில் நல்ல மதிப்பு இருந்தது.

மெக்லூஃபியின் இளமையில் ஒரு நாளை இங்கே சொல்லியாக வேண்டும். 1945 மே 8. ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது என்று உலகமே கொண்டாடிய நாள். செத்திஃப் நகரிலும் ஊர்வலம் நடந்தது. ஊர்வலத்தினர் சிலர் அல்ஜீரியக் கொடியை உயர்த்தினர், துப்பாக்கி வெடித்தது. ஊர்வலத்திலிருந்து கிளம்பிய கலகத்தில் ஐரோப்பியர் பலர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து வாரக்கணக்கில் நடந்த அடக்குமுறையில் மாண்ட அல்ஜீரியர் ஆயிரக்கணக்கானவர். அப்போது நம் ஆட்டக்காரர் ஒன்பது வயது நிரம்பாத சிறுவர். கண்டது மறந்திருக்கும் என்று சொல்லக்கூடிய வயதன்று அது.

1954இல், பதினெட்டு வயதில், அவர் கடல் கடந்து செந்த் எத்தியேன் கழகத்தில் சேர்ந்தார். அந்நகரம் நிலக்கரிச் சுரங்கங்களும் ஆயுதத் தொழிற்சாலைகளும் நிறைந்த உழைப்பாளர் நகரம். ஒரு மளிகைக் கடை நிறுவனத்தின் ஊழியர்கள் விளையாடத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது அந்தக் கழகம். அதன் பச்சைச் சட்டைகூட அக்கடைகளின் நிறந்தான். பயிற்சியாளர் ழான் ஸ்னெல்லா, போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இந்த இளைஞரின் ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். மெக்லூஃபி முன்வரிசையில் நடுவருக்குச் சற்றுப் பின்னே நின்று, பந்தை வாங்கி, எதிரியை ஏமாற்றி, ஓடிவரும் தோழனின் காலடியில் அளந்து வைப்பவர். தாமே கோல் அடிக்கவும் வல்லவர். இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது.

அதே அணியில் காமரூன் நாட்டைச் சேர்ந்த எழேன் இன்ஜோ லேயா என்பவரும் முன்வரிசையில் ஆடினார். மாணவர்களே, அவரைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. ஆடிக்கொண்டே சட்டம் படித்தவர் அவர். 1961இல் பிரெஞ்சுத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர். அக்காலத்து ஒப்பந்தப்படி, ஒரு கழகத்தில் கையெழுத்திட்ட ஆட்டக்காரர் 35 வயது வரை அக்கழகத்தின் உடைமையாகவே இருந்தார். கழகம் விட்டாலன்றி வேறிடம் செல்ல முடியாது. 1969இல்தான் அந்தக் கட்டு தளர்ந்தது. மெக்லூஃபியும் அவ்வாறு கட்டுண்டவரே என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

1957இல் செந்த் எத்தியேன் கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிரெஞ்சு வாகையர் பட்டம் வென்றது. அந்தப் பருவத்தில் மெக்லூஃபி அடித்த கோல்கள் 25. பிரெஞ்சு தேசிய அணிக்காகவும் நான்கு பந்தயங்கள் ஆடினார். இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டுச் சிப்பாயானபின், பிரெஞ்சு இராணுவ அணியில் சேர்ந்து, 1957இல் புவனஸ் அயர்ஸ் நகரில் நடந்த உலக இராணுவப் போட்டியிலும் வென்றார். 1958 ஜூனில் சுவீடனில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்கு அவரைக் கணக்கில் வைத்திருந்தார்கள். வயது இருபத்தொன்று. இதைவிட நல்ல தொடக்கம் ஓர் ஆட்டக்காரருக்கு வாய்ப்பதில்லை.

ஆனால் 1954 நவம்பர் முதல் நாளிலேயே அல்ஜீரியாவில் விடுதலைப் போர் மூண்டுவிட்டது. அதனை நடத்திய தேசிய விடுதலை முன்னணி 1958இல் ஒரு புதிய எண்ணம் கொண்டது. பிரெஞ்சுக் கழகங்களில் ஆடும் அல்ஜீரியர்கள் ஒரே நேரத்தில் அவற்றை விட்டு நீங்கித் தம் நாட்டின் பெயரால் ஓர் அணி அமைத்தால், செய்தித்தாளே படிக்காதவனுக்கும் அல்ஜீரியா என்றொரு நாடு இருப்பது தெரிந்துவிடும் அல்லவா? இதனை ஆட்டக்காரராயிருந்த முகம்மது பூமெஸ்ராக் என்பவர் இரகசியமாக ஏற்பாடு செய்தார். அழைக்கப்பட்டவர்களுள் மொனாக்கோவின் முஸ்தஃபா சித்தூனியும் ஒருவர். அவர் பிரெஞ்சு தேசிய அணியின் தற்காப்புத் தூண்.

ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய பந்தயத்தில் மெக்லூஃபியின் தலையில் அடிபட்டு, அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். மறுநாட் காலையில் அவருடைய ஊர்க்காரர்களான கெர்மாலி, அரீபி என்னும் இரு ஆட்டக்காரர்கள் வந்து, நோயாளி உடையிலேயே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சுவிட்சர்லாந்து எல்லையை நோக்கி விரைந்தனர். செய்தி வானொலியில் பரவுமுன் எல்லையைக் கடக்க வேண்டும். சுங்கச் சாவடியில் இருந்தவர் மெக்லூஃபியை அடையாளங் கண்டுகொண்டார் என்றும், புகழ்பெற்ற ஆட்டக்காரர் என்ற மகிழ்ச்சியிலேயே வழிவிட்டார் என்றும் சொல்வார்கள். அவர்கள் ரோம் வழியாகத் துனிஸ் நகரை அடைந்தனர். எல்லோருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. வழியிலேயே பிடிபட்டுச் சிறை சென்றவரும் உண்டு.

இங்கே ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் விட்டு நீங்கியது ஒப்பந்தத்தை; மெக்லூஃபி விட்டு நீங்கியதோ படையையும் சேர்த்து. போர்க்காலத்தில் படையை விட்டு ஓடியவனுக்கு எந்த நாட்டுச் சட்டமும் இரக்கம் காட்டுவதில்லை. உலகக் கோப்பை போயிற்று என்று வருந்துவோர் இதனை மறந்துவிடுகிறார்கள். அவர் பணயம் வைத்தது கோப்பையை மட்டுமன்று.

அவர்கள் அமைத்த அணி நான்கு ஆண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட பந்தயங்கள் ஆடியது. துனிசியா, ஈராக், கிழக்கு ஐரோப்பிய நாடுகள், சோவியத்து நாடு, சீனா, வட வியட்நாம் என்று அதன் பயணம் நீண்டது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு அதனை ஏற்கவில்லை. அதனோடு ஆடும் நாடுகள் தண்டிக்கப்படும் என்றும் எச்சரித்தது. ஆதலின் பல இடங்களில் நாட்டின் பெயரை மறைத்து, தொழிற்சங்க அணி என்றும் நகர அணி என்றும் சொல்லித்தான் எதிரணி களமிறங்கியது. ஆயினும் பெல்கிரேடு நகரில் 1961இல் அவர்கள் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் யூகோசுலாவியரை வென்றது பலரை வியக்கவைத்தது. வியப்பான மற்றொன்றும் உண்டு. அல்ஜீரியத் தற்காலிக அரசாங்கம் அமைந்தது 1958 செப்டம்பரில். அணி அமைந்ததோ ஏப்ரலில். அரசாங்கம் பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்னதாகவே அதன் கொடி ஆடுகளங்களில் ஏறிவிட்டது.

இதற்கிடையே சுவீடனில், அவர்கள் இல்லாத பிரெஞ்சு அணி மூன்றாம் இடம் பெற்றது. ஃபோந்தேன் என்பவர் 13 கோல்கள் அடித்தார். அவரும் மொராக்கோவில் பிறந்தவரே. மெக்லூஃபி இருந்திருந்தால் கோப்பையே கிடைத்திருக்குமோ என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அதில் எனக்கு அத்துணை ஆர்வமும் இல்லை.

எனக்கு ஆர்வமூட்டுவது 1962. அவ்வாண்டு மார்ச்சில் எவியான் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பொது மன்னிப்பும் அதனோடு வந்தது. ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. மெக்லூஃபிக்கு இருபத்தாறு வயது. அவர் முதலில் ஜெனீவாவின் செர்வெட் கழகத்தில் ஆடினார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் பழைய ஸ்னெல்லாவே. பின்பு, அவ்வாண்டின் இறுதியில், செந்த் எத்தியேனுக்கே திரும்பினார்.

அந்தத் திரும்புதல் எளிதன்று. போரில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் அந்நகரில் இருந்தன. அல்ஜீரியத் தொழிலாளரும் அங்கே பலர் இருந்தனர். கழகமோ இரண்டாம் பிரிவுக்குத் தாழ்ந்துபோயிருந்தது. அவர் மீண்டும் களமிறங்கிய முதல் நாள் அரங்கு பேச்சற்றிருந்ததாம். கூச்சலும் இல்லை, வரவேற்பும் இல்லை. பந்து அவர் காலுக்கு வந்தது. எதிரிகளை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து சென்றார். அரங்கு முழுதும் கைதட்டியது. அவ்வளவே நடந்ததாகச் சொல்கிறார்கள். அவர்கள் மன்னித்தார்கள் என்று இதற்குப் பொருள் கூறுவோர் உளர். நான் அப்படிக் கருதவில்லை. மன்னிப்பதற்கு அவர் குற்றம் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் தங்கள் ஆட்டக்காரரை அடையாளங் கண்டுகொண்டார்கள். எல்லைச் சாவடிக்காரரைப் போலவே.

அந்தப் பருவத்தின் முடிவில் கழகம் மீண்டும் முதற் பிரிவுக்கு ஏறியது. மறு ஆண்டே, 1964இல், வாகையர் பட்டம். பின்னர் 1967, 1968 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம். 1968 மே 12ஆம் நாள் பிரெஞ்சுக் கோப்பையின் இறுதிப் பந்தயம். பாரிசு நகரத் தெருக்களில் மாணவர் கிளர்ச்சி கொழுந்துவிட்டெரிந்த வாரம் அது. போர்தோ அணியை இரண்டுக்கு ஒன்று என்று செந்த் எத்தியேன் வென்றது. இரண்டு கோல்களும் மெக்லூஃபி அடித்தவை. குடியரசுத் தலைவர் தெ கோல் கோப்பையை அவர் கையில் கொடுத்தார். பிரான்சு என்பது நீங்கள்தாம் என்று அவரிடம் சொன்னதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டின் படையை விட்டு ஓடியவருக்கு, அந்நாட்டின் படைத்தலைவராயிருந்த முதியவர் சொன்ன சொல் அது. அதனைக் கேட்டபோது மெக்லூஃபியின் மனம் என்ன நினைத்தது என்று அறிய எனக்கு நெடுநாளாக ஆசை.

பிறகு கோர்சிகாத் தீவின் பஸ்தியா கழகத்தில் இரண்டு ஆண்டு ஆடி ஓய்ந்தார். தாயகம் திரும்பிப் பயிற்சியாளரானார். 1975இல் அல்ஜீயர்சில் நடந்த மத்தியதரை நாடுகளின் விளையாட்டு விழாவில், அவர் பயிற்றிய அல்ஜீரிய அணி இறுதிப் பந்தயத்தில் வென்றது பிரான்சை, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில். 1982 உலகக் கோப்பையில் மேற்கு செர்மனியைத் திகைக்கவைத்து வென்ற அல்ஜீரிய அணியின் பயிற்சிக் குழுவிலும் அவர் இருந்தார். அதே போட்டியில் மேற்கு செர்மனியும் ஆஸ்திரியாவும் தமக்கு ஏற்ற முடிவோடு ஆடி அல்ஜீரியாவை வெளியேற்றியதால்தான், பிரிவின் கடைசிப் பந்தயங்களை ஒரே நேரத்தில் நடத்தும் விதி பின்னர் வந்தது.

மெக்லூஃபி தம் கடைசி நாட்களைத் துனிஸ் நகரில் கழித்தார். 1958 ஏப்ரலில் தலைக்காயத்தோடு அவர் வந்து சேர்ந்த அதே நகரம். அங்கேயே 2024 நவம்பர் 8ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில் காலமானார்.