திருவல்லிக்கேணி: படிக்க வந்தவர்களின் பேட்டை

இங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் சேப்பாக்கம். 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் வந்துவிடும். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி வளர்ந்த இந்தத் தெருக்கள், வெளியூரிலிருந்து படிக்க வந்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஏற்றுக்கொண்டவை. 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தபோது, கணித மேதை ராமானுஜன் குடியிருந்தது அனுமந்தராயன் கோயில் தெருவில். மறு ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

பின்னாளில் மேன்ஷன்கள் பெருகின. ஒரு கட்டில், சட்டை மாட்டச் சுவரில் ஆணி, தாழ்வாரக் கொடியில் ஈரத் துண்டு: பலருக்குச் சென்னையின் முதல் முகவரி இதுதான். பக்கத்திலேயே மெஸ் சாப்பாடு, பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் பழைய புத்தகங்கள். அந்தக் குவியல்களுக்கும் இந்நகரின் கல்வி வரலாற்றில் இடம் உண்டு.

திண்ணை வைத்த பழைய வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. படம் எடுக்குமுன் அவர்களிடம் கேளுங்கள்.