பழைய லாரிக்கு டயர்: முதலில் ரிம்

அமெரிக்காவில் பழைய லாரிகளைச் சீர்செய்து ஓட்டுபவர்கள் விரும்பி எடுக்கும் வண்டிகளில் ஒன்று, 1947 முதல் 1955 வரை செவ்ரோலெட் விற்ற இரண்டு டன் லாரி. பண்ணையில் தானியம் ஏற்றவும் ஊருக்குள் சரக்கு கொண்டுபோகவும் உழைத்த நடுத்தர வண்டி அது. முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு என்று ஆறு டயர். எஞ்சினைப் பிரித்துக் கோத்து, பிரேக்கைப் புதுப்பித்து, பெயின்டும் அடித்து முடித்த பிறகுதான் பலருக்கும் டயர் நினைவு வருகிறது. எந்தக் கம்பெனி, எந்தப் பட்டன், நைலானா ரேடியலா என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம், ஆனால் முதலில் அல்ல. அந்தக் காலத்து லாரிக்கு எந்த டயர் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது ரிம்தான். அதைச் சோதிக்காமல் டயருக்குப் பணம் கட்டுபவர் பெரும்பாலும் இரண்டு முறை செலவு செய்கிறார்.

இன்றைய கார் ரிம் ஒரே துண்டு. அதன் நடுவே உள்ள பள்ளத்தில் டயரின் ஒரு பக்க விளிம்பை இறக்கி, மறுபக்கத்தை நெம்பி ஏற்றிவிடலாம். பழைய லாரி டயரின் விளிம்புக்குள் இருப்பது தடித்த எஃகுக் கம்பிக் கட்டு. அது அப்படி வளைந்து கொடுக்காது. எனவே ரிம்மையே பிரித்துப் பூட்டும்படி செய்தார்கள். டியூபும் ஃபிளாப்பும் வைத்த டயரைத் தட்டையான ரிம்மில் நுழைத்து, திறந்த பக்கத்தில் ரிங்கைப் போட்டு, லாக் ரிங்கால் இறுக்குவது வழக்கம். நம் ஊர் லாரிகளிலும் நெடுங்காலம் இதே ஏற்பாடுதான். 8.25-20 டயரின் வெளிவிட்டம் சுமார் 38 அங்குலம். அதில் 80 பவுண்டு காற்று அடித்தால், ஒரு பக்கச் சுவரை வெளியே தள்ளும் மொத்த விசை 25 டன் அளவுக்கு வரும். அதில் கணிசமான பங்கைத் தாங்குவது அந்த ரிங். ரிங்கைப் பிடித்திருப்பது ரிம்மில் வெட்டிய ஒரு குறுகிய காடி. காடியைத் துரு தின்றிருந்தாலோ, ரிங் கோணியிருந்தாலோ, வேறொரு ரிம்மின் ரிங்கைக் கொண்டுவந்து மாட்டியிருந்தாலோ, காற்று ஏறும்போதே ரிங் தெறித்துப் பறக்கும். எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை இந்த ரிம்களுக்கென்றே 1980இல் தனி விதி கொண்டுவந்தது. இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். அடிப்பவர் ரிங் பறக்கக்கூடிய பாதையில் நிற்கக் கூடாது. பொருந்தாத துண்டுகளைக் கலந்து மாட்டக் கூடாது. இருக்க வேண்டிய காற்றில் 80 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ வைத்து ஓடிய சக்கரத்தைப் பிரித்துப் பார்க்காமல் மறுபடி காற்றடிக்கவும் கூடாது. காற்று இறங்கிய டயர்களோடு கொட்டகையிலிருந்து இழுத்து வந்த லாரி அநேகமாக இந்தக் கடைசி வகையில் சேரும். விதி தொழிற்கூடங்களுக்கானது என்பதால், வீட்டு முற்றத்தில் தானே வேலை செய்பவரை யாரும் தட்டிக் கேட்கப் போவதில்லை. ஆபத்து அதிகமாக இருப்பதும் அங்கேதான்.

லாக் ரிங் வகையாவது வெளியே தெரியும். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யலாம். ஃபயர்ஸ்டோன் தயாரித்த ஆர்எச்-5 என்ற வகையில் அந்த வசதியும் இல்லை. இரண்டு பாதிகள் ரிம்மின் நடுவில், டயருக்கு அடியில், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பூட்டு முழுதாக விழுந்ததா என்பது டயரை ஏற்றிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. பல கம்பெனிகளின் நடுத்தர லாரிகளில் இது வந்தது. இந்த ரிம் இருந்தால் எந்த டயர் என்ற பேச்சே வேண்டாம், ரிம்மை மாற்றிவிட வேண்டும். எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்பார்கள் சிலர். பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத இடத்தில் எச்சரிக்கைக்கு என்ன வேலை?

வெளியே பூட்டும் ரிம், துருவில்லாமல், தன் சொந்த ரிங்குகளோடு இருந்தால், பழைய அளவிலேயே நைலான் டயர் போடுவது நேரான வழி. 8.25-20, 9.00-20 போன்ற அளவுகள் அமெரிக்கக் கடைகளில் அரிதாகிவிட்டாலும், இந்தியாவில் இன்னும் தயாராகின்றன. ஆனால் இன்றைய நைலான் டயர் பல 16 பிளை. அவற்றின் முழுச் சுமைக்குரிய காற்று, எழுபது ஆண்டுக்கு முந்தைய ரிம்முக்கு அனுமதித்ததைவிட அதிகம். டயர் தாங்கும் என்பதற்காக ரிம்மும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ரேடியலுக்கும் இதே தடைதான். மிச்செலின் 1949இல் ரேடியல் டயரை விற்கத் தொடங்கியது. லாரிக்கான ரேடியல் 1952இல் வந்தது. அமெரிக்க லாரிகளில் அது பரவப் பல ஆண்டுகள் ஆயின. ஆக இந்த ரிம்களை வடிவமைத்தவர்கள் நைலானுக்கும் முந்தைய ரேயான், பருத்தி இழை டயர்களை மனத்தில் வைத்தே கணக்குப் போட்டார்கள். ரேடியலின் பக்கச்சுவர் அதிகம் நெகிழ்ந்து ரிம்மின் விளிம்பை வேறுவிதமாக இழுக்கும். ரேடியலுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லாத ரிம்மில் அதை மாட்டக் கூடாது.

வருஷத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இவ்வளவு எதற்கு, பழைய டயரிலேயே பட்டன் முழுசாக இருக்கிறதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் ரப்பர் ஓடாமலும் கெடும். ஓசோன் வெடிப்பைத் தடுக்க ரப்பரில் கலக்கும் மெழுகு, டயர் உருண்டு நெகிழும்போதுதான் நன்றாக மேலே கசிந்து படலமாகிறது. நின்றே கிடக்கும் டயரில் அந்தக் காப்பு குறைகிறது. அமெரிக்காவில் விற்கும் டயரின் பக்கச்சுவரில் 2000ஆம் ஆண்டிலிருந்து நான்கு இலக்கத் தேதி உண்டு: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கம்தான் இருந்தால், அந்த டயர் போன நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைப் பட்டனைப் பார்த்து மதிப்பிடுவதில் பொருளே இல்லை.

ரிம் தேறவில்லை என்றாலோ, வண்டியை நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்ட எண்ணினாலோ, ஒரே துண்டாக வரும் 22.5 அங்குல டியூப்லெஸ் ரிம்முக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து. எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். 7.50-20க்கு 8ஆர்22.5, 8.25-20க்கு 9ஆர்22.5, 9.00-20க்கு 10ஆர்22.5 என்று உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மலிவு என்று பலர் 19.5 அங்குலத்தில் 225/70 டயரைத் தேடுகிறார்கள். அதன் விட்டம் சுமார் 32 அங்குலம்தான். முன்பு 80 கிலோமீட்டர் வேகத்தில் போன லாரி, எஞ்சின் அதே அளவு சுழன்றும் 67தான் போகும். மெதுவான கியருக்கென்று செய்த பழைய லாரியில் இது பெரிய இழப்பு. எளிதில் கிடைக்கிறதே என்று 11ஆர்22.5 வாங்குவதும் சிக்கல். அகலம் கூடுவதால் பின்னால் உள் டயரும் வெளி டயரும் சுமை ஏறியதும் பிதுங்கி ஒன்றையொன்று உரசிச் சூடாகும். போல்ட் துளைகளின் வட்டம், நடு ஓட்டையின் விட்டம், ஜோடி டயர்களுக்கு நடுவே வேண்டிய இடைவெளி மூன்றையும் அளந்த பிறகே ரிம் தேட வேண்டும்.

ரிங் இல்லாத சக்கரம் பழைய லாரியின் முகத்தையே கெடுத்துவிடும் என்பது ஆர்வலர்களின் வலுவான எதிர்ப்பு. கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கு அதை ஒப்புக்கொள்ளலாம். பழைய ரிம்களை எறியாமல் வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம், மாற்றம் நிரந்தரமல்ல. செலவுதான் தடை என்றால் முன் அச்சை முதலில் மாற்றலாம், ஏனெனில் ஸ்டீயரிங் அங்கே இருக்கிறது. பின்னால் மாற்றும்போது நான்கையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஜோடியில் ஒன்று சற்றுப் பெரிதானாலும் சுமை அதன் தலையில் விழும். அதுவரை ஸ்டெப்னி எந்த அச்சுக்கு உதவும் என்பதை வண்டியில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.