சர்வீஸுக்கு விட்ட காரில் புதுக் கீறல்... நஷ்டத்தை யார் தரணும்?

சர்வீஸ் முடிந்து காரை எடுக்கப் போறீங்க. கதவில் புதுசா ஒரு கீறல். கேட்டால், "வரும்போதே இருந்துச்சு சார்" என்பார்கள். இல்லையென்றால், 'வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்' என்ற போர்டைக் காட்டுவார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடுமா? முடியாது!

சட்டம் என்ன சொல்கிறது?

சாவியைக் கொடுத்ததுமே கார் ஒர்க் ஷாப்பின் பாதுகாப்புக்குப் போய்விடுகிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அதே கவனத்தோடு உங்கள் காரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. ஊழியர் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்தாலும் பதில் சொல்ல வேண்டியது ஒர்க் ஷாப்தான். ஆனால், உரிய கவனம் எடுத்தும் தடுக்க முடியாத சேதம் என்றால் பொதுவாக அவர்கள் பொறுப்பல்ல.

ஒர்க் ஷாப்காரர் உங்களைக் கேட்காமல் சொந்த வேலைக்குக் காரை எடுத்துச் சுற்றினால்? அப்போது ஏற்படும் சேதத்துக்கு 154-வது பிரிவுப்படி அவர் இழப்பீடு தர வேண்டும். 'கவனமாத்தான் ஓட்டினேன்' என்ற சாக்கு எடுபடாது.

அந்த போர்டு செல்லுமா?

டெல்லியில் ஹோட்டல் ஊழியரிடம் பார்க்கிங்குக்காக சாவி கொடுத்த கார் திருடுபோன வழக்கில், 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. 'உரிமையாளர் பொறுப்பு' என்று டோக்கனில் அச்சடித்துவிட்டு, தன் அலட்சியத்திலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது. தன் மீது தவறில்லை என்று நிரூபிக்க வேண்டியதும் ஹோட்டல்தான். அங்கே பேசப்பட்ட அதே 'பாதுகாக்கும் கடமை'தான் ஒர்க் ஷாப்புக்கும்.

டெஸ்ட் டிரைவில் யார் மீதாவது மோதினால்?

ரிப்பேருக்கு விட்ட கார் மோதி ஒருவர் காயமடைந்த வழக்கில், காரின் இன்சூரன்ஸ் நிறுவனம்தான் இழப்பீடு தர வேண்டும் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் இன்சூரன்ஸ் காலாவதியான காரை ஒர்க் ஷாப்பில் விடுவது உங்களுக்கே ரிஸ்க்.

நீங்க செய்ய வேண்டியது

* விடும்போது நாலு பக்கமும் வீடியோ எடுங்க. ஓடோமீட்டர், பெட்ரோல் அளவையும் சேர்த்து எடுங்க.

* பழைய கீறல்களை ஜாப் கார்டில் எழுத வைத்து, ஒரு காப்பி வாங்குங்க.

* சேதம் தெரிந்தால் அங்கேயே போட்டோ எடுத்து, மேனேஜருக்கு வாட்ஸ்அப் அல்லது மெயிலில் அனுப்புங்க.

* செய்த வேலைக்கான கூலி பாக்கி என்றால் காரைத் தராமல் வைத்திருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. எனவே பில்லைக் கட்டுங்க. ஆனால், 'சேதம் குறித்த ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுங்க.

எங்கே புகார் செய்வது?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கட்டிய பில் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.

சட்டம் உங்க பக்கம்தான். ஆனால் கார் உள்ளே போகும்போது எப்படி இருந்தது என்பதைக் காட்ட வேண்டியது நீங்கதான். அதனால, சாவியை நீட்டும் முன்னாடி மொபைலை எடுங்க!