தண்ணீருக்கும் ஒரு வழி வேண்டும்

ஆடி, ஆவணி மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு திரும்பிய அனுபவம் கொல்கத்தாவில் வாழும் நம்மில் பலருக்கும் உண்டு. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? 'ஹூக்ளி ஆற்றுக்கு' என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை வேறு. இந்நகரின் நிலம் ஆற்றுக்கு எதிர்ப்புறமாக, கிழக்கு நோக்கிச் சரிகிறது. மழைநீரும் சாக்கடை நீரும் கால்வாய்கள் வழியே கிழக்கே ஓடுகின்றன.

அங்கே பைபாஸ் சாலைக்கு அப்பால், சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் ஈரநிலங்கள் உள்ளன. 'பேரி' எனப்படும் ஆழமில்லாத மீன் குளங்களில் கழிவுநீர் தேங்குகிறது. வெயிலும் பாசியும் அதைச் சுத்தம் செய்கின்றன. பாசியைத் தின்று மீன் வளர்கிறது. அந்த நீரில் விளையும் காய்கறி நம் சந்தைக்கும் வருகிறது. இந்த அற்புதத்தை ஆராய்ந்து, வரைபடமாக்கி, உலகுக்குச் சொன்னவர் அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ். 1992இல் உயர் நீதிமன்றம் இந்நிலங்களை நிரப்பத் தடை விதித்தது. 2002இல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது.

ஆனாலும் புறநகர் வளர்கிறது. எந்தக் குளம் எப்போது மறைந்தது என்பதற்கு வானிலிருந்து சாட்சி கிடைக்கிறது. அகச்சிவப்புக் கதிர்களை நீர் விழுங்கிவிடும். ஆகவே செயற்கைக்கோள் படத்தில் அது கறுப்பாகத் தெரியும். செடிகொடிகளைச் சிவப்பாகக் காட்டுவது வழக்கம். 1970களின் படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்தால், கறுப்புத் திட்டுகள் கட்டடங்களானது புரியும். ஒரு சிக்கலும் உண்டு. வெங்காயத் தாமரை மூடிய குளம் வயல்போல ஏமாற்றும். எனவே நேரில் நடந்து பார்த்தே வரைபடத்தை முடிக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய கதையல்ல. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதன் விலையை 2015 வெள்ளத்தில் தென்சென்னை உறவினர்கள் கொடுத்தார்கள். 2022இல்தான் அதற்கு ராம்சார் தகுதி கிடைத்தது.

நம் குடும்பங்கள் பல இன்று கிழக்குப் புறநகரில் வீடு தேடுகின்றன. முன்பணம் கொடுக்குமுன் மௌஜா பெயரையும் தாக் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். 2006ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தின் பழைய செயற்கைக்கோள் படத்தையும் பாருங்கள். இன்று அவை இலவசமாகவே கிடைக்கின்றன. மண்போட்டு மூடினாலும் பள்ளத்தைத் தண்ணீர் மறப்பதில்லை. பிள்ளைகளுக்கு வீடு விட்டுச் செல்ல நினைக்கும் நாம், தண்ணீருக்கும் அதன் வழியை விட்டுவைப்போம்.